நிறுத்தம் காக்க ஒரு மனு

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று பலமுறை யோசித்த பின்னரே, மிகுந்த தயக்கத்துடன் இதைத் தங்கள் முன் வைக்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வாசலுக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தை இருவர் நாடா பிடித்து அளந்து, கம்பத்தில் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போனதைச் சன்னல் வழியாகப் பார்த்தவள் அக்காதான்.

"டேய், பஸ் ஸ்டாப்பைத் தூக்கப் போறாங்கடா!"

தம்பி ஓடி வந்து சன்னலில் எட்டிப் பார்த்தான். அக்காவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அடுத்த நிறுத்தமோ தெருக்கோடியைத் தாண்டி. ஊன்றுகோலுடன் போனால் அரைமணி நடை.

"கவலைப்படாதேக்கா. இதுதானே என் தொழிலே!"

உண்மைதான். எந்தச் சொல் மனிதரை இணங்க வைக்கிறது என்று ஆராயும் நிறுவனத்தில் அவன் ஒன்பது ஆண்டுகளாக ஆய்வாளன். கட்டுரைகளில் எதையும் அறுதியிட்டுச் சொல்லாமல், 'கூடும்', 'கூடும்' என்றே எழுதிப் பழகியவன். அக்கா அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயரும் அதுவே.

'நிறுத்தம் அகற்றப்பட்டால் முதியோர்க்குச் சில இடர்ப்பாடுகள் நேரக்கூடும்' என்று முதல் மனுவை எழுதினான்.

மாடிவீட்டுத் தையல்காரம்மா அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நேரக்கூடும்னா நேராமலும் போகலாம்ல தம்பி? முதல்ல நேரட்டும், அப்புறம் பாப்போம்."

பலரும் செய்வதையே தானும் செய்வது மனித இயல்பு. அதை அவனே கணக்கெடுத்து நிறுவியிருக்கிறான். எனவே இரண்டாம் மனுவை, 'இத்தெருவில் பெரும்பாலோர் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டனர்' என்று தொடங்கினான்.

"அதான் எல்லாரும் போட்டாச்சே, நான் ஒருத்தி எதுக்கு?" என்றார் தையல்காரம்மா. அதோடு நிற்காமல், வேலை முடிந்துவிட்டதென்று கட்டடம் முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

அக்கா காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதில் அவள் கையெழுத்து மட்டுமே இருந்தது. "யாருடா அந்தப் பெரும்பாலோர்? நானும் என் ஊன்றுகோலுமா?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'கூடும்'களையெல்லாம் அடித்துத் தள்ளிவிட்டு மூன்றாவதை எழுதினான்: 'இச்சாலை ஒரு மரணப்பாதை. லாரிகள் கண்மண் தெரியாமல் பறக்கின்றன. இங்கே இறங்கிக் கால் வைப்பவர் உயிரோடு வீடு சேர்வது அரிது. நம் நிறுத்தத்தைக் காப்போம்!'

தையல்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயய்யோ, இத்தனை நாளா இதுலயா நடந்தேன்? கொடுங்க பேனாவை!"

மாலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன.

"டேய் கூடும், நம்ம தெருவுக்கு லாரியே வராதேடா?"

"வரக்கூடும்" என்றான் அவன்.

சனிக்கிழமை போக்குவரத்து அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தான். அதிகாரி அதை இருமுறை படித்தார்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்; எழுந்து நின்று கைகுலுக்கினார். "உடனே நடவடிக்கை எடுக்கறேன் சார். இது உயிர் விஷயம்."

தரையில் கால் பாவாமல் வீடு வந்து சேர்ந்தான் தம்பி.

திங்கட்கிழமை காலை. அக்கா வேலைக்கு உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, எதிரே ஒரு வண்டி நின்றது. கடப்பாரைக்காரர் ஒருவர் கம்பத்தைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார். தம்பி செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

"நிறுத்துங்க! நான் மனு கொடுத்திருக்கேன், இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்தோட!"

கடப்பாரைக்காரர் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மனு நீங்க எழுதினதா சார்? போன வாரம் இங்க நிழற்குடையும் பெஞ்சும் போடத்தான் அளந்துட்டுப் போனோம். அதைப் படிச்சதும் ஐயா பதறிப்போய், 'இனி அந்த ரோட்டுல ஒரு ஆள்கூட இறங்கக் கூடாது, ஸ்டாப்பையே தூக்கு'ன்னுட்டாரு!"

இழந்தவை: பேருந்து நிறுத்தம் ஒன்று, வரவிருந்த நிழற்குடை ஒன்று, பெஞ்சு ஒன்று, அக்காவுக்குக் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி.