பிக்னிக் வைத்து ஜேனுக்கு வரன் முடித்த வெற்றி

செமிலிங்,
ஆகஸ்ட் 1983

மதிப்புக்குரிய அத்தான் அந்தோணிதாஸ் அவர்களுக்கு,

மைத்துனன் இஞ்ஞாசிமுத்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. மாதா தயவில் இங்கு அனைவரும் சுகம். பண்டார் பாருவில் அக்காளின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

ஜெயித்துவிட்டேன், அத்தான். என் மகள் ஜேனுக்கு நீங்கள் சொன்ன வரன், அதாவது புக்கிட் செலம்பாவ் கேதரின் அம்மாள் மகன் லியோனார்ட், முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பெண் பார்த்து வேண்டாம் என்று போனால் எஸ்டேட் முழுக்கப் பேச்சாகும், ஏற்கெனவே இரண்டு இடம் அப்படித்தான் போயிற்று, அதனால் பிக்னிக் என்று சொல்லி இரண்டு குடும்பத்தையும் ஒரே வேனில் ஏற்று என்றீர்களே, அந்த யோசனைக்கே உங்களுக்கு ஒரு மாலை போட வேண்டும். ஜேனிடமும் வெறும் பிக்னிக் என்றுதான் சொன்னேன். புதுச்சேலை கட்டச் சொன்னபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்கிறாள் என் மனைவி ரோசம்மா. தெரிந்தால் என்ன?

முதலில் ரப்பர் தொழிற்சாலை. காலமெல்லாம் நான் கணக்கெழுதிக் கிராணி வேலை பார்த்த இடத்தைச் சம்பந்தியம்மாளுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததுமே வாந்தி எடுத்துவிட்டார், அதுவும் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டின் மேல். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முறைத்தார். நான், "படிச்ச புள்ள, இந்த வாடை பழக்கமில்லைலா" என்று சமாளித்தேன். கேதரின் அம்மாள் முந்தானையால் மகன் வாயைத் துடைத்துவிட்டார். என்ன பாசம், அத்தான்! அடுத்தது ஜப்பான்காரன் காலத்துப் பதுங்குகுழி. சண்டையில் சனங்கள் எப்படி ஒளிந்தார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு வௌவால் பறந்தது, மாப்பிள்ளை "மம்மி" என்று கத்திக்கொண்டே ஓடி, வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டார்ச் லைட் அவர் கையில். எல்லாரும் இருட்டில் திண்டாட, ஜேன்தான் சுவரைத் தடவித் தடவி, சம்பந்தியம்மாளின் கையைப் பிடித்து எங்களையெல்லாம் வெளியே கொண்டுவந்தாள். அங்கேயே அந்தம்மாவுக்கு அவளைப் பிடிச்சுப்போச்சு.

கடைசியாகத் துரை பங்களாப் பூந்தோட்டம். ஆர்க்கிட் செடிகளுக்கு நடுவில் பாய் விரிச்சு, ரோசம்மா வச்ச மீன் குழம்பைப் பரிமாறினோம். கேதரின் அம்மாள் முள் எடுத்து எடுத்து வைக்க, மாப்பிள்ளை பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டார். ஜேன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம். சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்தம்மா எல்லார் முன்னாலும், "இந்தப் புள்ள கையில என் மகனை ஒப்படைச்சிட்டா நான் நிம்மதியா கண்ணை மூடுவேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு, அத்தான். மூணாவது இடம், முடிஞ்சுபோச்சு. இனி எவன் என்ன பேசுவான்? ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத் தட்டோடு வருகிறார்கள்.

நீங்களும் அக்காளும் சனிக்கிழமையே வந்து முன்நின்று நடத்த வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்.

இப்படிக்கு,
மகளைக் கரையேற்றிவிட்ட
இஞ்ஞாசிமுத்து

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஜேன் வந்தாள். "அப்பா, யாருமே என்னைக் கேக்கலியே" என்றாள். என்னம்மா என்றேன். "அவருக்கு முள் எடுக்கத்தான் ஆள் வேணும். அதுக்கு அவங்கம்மா இருக்காங்க. எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டாள். ரோசம்மாவிடம் நியாயம் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முள் எடுத்து வைப்பவள் அவள்தான். மத்தியானம் என் தட்டில் மீன் முழுசாகக் கிடந்தது. தொண்டையில் முள்ளோடு இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் வேண்டாம் என்று நீங்களே வந்து சொல்லிவிடுங்கள், அத்தான்.