உங்கள் அக்கா பேரம் பேசுவதை நிறுத்தியது குறித்து

என் மனைவிக்கு ஒரே தம்பியும் எனக்கு ஒரே ஆறுதலுமான மாப்பிள்ளைக்கு, அத்தான் எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும், விஷயமோ உங்கள் அக்காவைப் பற்றியது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "கவர்மெண்ட்ல இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு நழுவுவீர்கள். சந்தைக்குப் போய் அரிசி, வெங்காயம், சோப்பு, முடிவெட்டும் கூலி என்று விலை எழுதி வருவதுதான் என் வேலை. அதை வைத்துத்தான் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு அகவிலைப்படி கூட்டுவார்கள். இதில் ஒரு விதி உண்டு. கடைக்காரர் வாயால் சொல்லும் விலையை எழுதக் கூடாது, ஆட்கள் கொடுத்து வாங்கும் விலையைத்தான் எழுத வேண்டும். நல்ல விதிதான். அது என் வீட்டுக்குள்ளேயே வந்து கடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இந்தத் தடவை அகவிலைப்படி கூடியதும் ஒன்றுதான், கூடாததும் ஒன்றுதான். அதை வைத்துச் செருப்பு வாங்கினால் ஒரு காலுக்குத்தான் வரும். அந்த எரிச்சலோடு உங்கள் அக்காவுடன் சந்தைக்குப் போனேன். என் பழைய வேலையை இப்போது பார்க்கிற பெண் காய்கறிக் கடை ஓரமாக நின்றிருந்தாள். உங்கள் அக்கா தக்காளியைக் கையில் எடுத்து, "இது என்ன, ஊரெல்லாம் சுத்திட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள். "அக்கா, எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு" என்றார் காய்கறிக்காரர். "தெரியுதே, உனக்கு முன்னாடி அதுதான் வந்து நிக்குது" என்றாள். கடைசியில் பாதி விலைக்கு முடிந்தது, மேற்கொண்டு ஒரு கை பச்சை மிளகாய் ஓசி. அந்தப் பெண் பாதி விலையை எழுதிக்கொண்டாள். விலை இப்படி இறங்கினால் அகவிலைப்படி எங்கே ஏறும்? "என்னம்மா, இதையா எழுதுற?" என்றேன். "ஆமா சார். இவங்க வாங்கினதுக்கு அப்புறம் எல்லாரும் அதே விலைக்குத்தான் கேப்பாங்க. அதனால இவங்க வர்ற நேரம் பாத்துதான் நானும் வருவேன்" என்றாள்.

இதை நான் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தேனா? சலவைக் கடை மாடியில் எங்கள் ஓய்வூதியர் சங்கம் கூடுகிறதல்லவா, கீழே இஸ்திரிப் பெட்டி சூடு, மேலே நாங்கள் சூடு, அங்கே போய்க் கொட்டிவிட்டேன். ஒரு கடைத் தக்காளி நாட்டுக் கணக்கை அசைக்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முதல் தடவையாக என் பேச்சை எல்லோரும் கண்கொட்டாமல் கேட்டார்கள், நடுவில் நிறுத்த மனசு வரவில்லை. எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுவதால் தீர்மானம் என்றே பெயர் வாங்கிய எங்கள் செயலாளர், உறுப்பினரின் மனைவி பேரத்தைக் கைவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டார். அதைப் போய்ச் சொல்லும் பொறுப்பு என் தலையில்.

சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க சம்பளத்த இழுத்துப் பிடிச்சு நான் குடும்பம் நடத்தினது இப்ப ஊருக்கே நஷ்டமாப் போச்சா? சரி. இனிமே பேசல."

அவ்வளவுதான் மாப்பிள்ளை, பேசவே இல்லை. கடையில் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறாள். அதுகூடப் பரவாயில்லை, வீட்டிலும் அதே கதை. கிழிந்த சட்டையோடு வெளியே கிளம்பினால் "சரி" என்கிறாள், குளியலறை விளக்கை அணைக்காமல் வந்தால் சரி, மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது, நானே ஏறிப் பார்க்கிறேன் என்று ஸ்டூலைத் தூக்கினால் அதற்கும் சரி. விழுந்து தொலைச்சா யார் பாக்குறது என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஸ்டூலைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வாரம் காய்கறிக்காரர் வீடு தேடி வந்தார். "அக்காவுக்கு உடம்பு முடியலையா? அவங்க குறைப்பாங்கன்னுதான் நான் கூட்டியே சொல்லுவேன். சொன்னதை அப்படியே குடுத்துட்டுப் போனா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது சார்" என்றார். அன்றிலிருந்து அவராகவே அடிவிலையைச் சொல்கிறார். அது பாதி விலைக்கும் கீழே. அந்தப் பெண் அதையும் நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டு போகிறாள். சங்கத்தில் இப்போது யாரும் எனக்கு நாற்காலி நகர்த்திப் போடுவதில்லை.

அகவிலைப்படி ஏறினால் ஏறட்டும், ஏறாவிட்டால் போகட்டும். எனக்கு அவள் திட்டு வேண்டும். நீங்கள் எப்படியாவது லீவு போட்டு வந்து, ஏதாவது ஒரு பொருளைச் சொன்ன விலைக்கே வாங்கினேன் என்று அவள் காதில் போடுங்கள். அதற்கும் சரி என்றாளானால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நல்ல சம்பளத்தில், நல்ல வாய் உள்ள துணையோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: இதை ஒட்டிக் கூரியரில் போடக் கிளம்பினேன். யாருக்கு என்றாள். உன் தம்பிக்கு என்றேன். கூரியர்காரன் எவ்வளவு கேக்குறான் என்றாள். சொன்னேன். "ஒரு காகிதத்துக்கா? அவன் என்ன தலையில சுமந்துட்டா போறான்? கேட்டா கேட்டதைக் குடுத்துடறதா, உங்களை எல்லாம் சந்தையில விட்டதே தப்பு. ஒண்ணும் அனுப்ப வேணாம். தம்பி ஞாயித்துக்கிழமை வர்றான், கையில குடுங்க" என்றாள். நீங்கள் வருவது எனக்கே அப்போதுதான் தெரியும். பேசாமல் இருந்த நாளுக்கெல்லாம் சேர்த்துத் திட்டினாள், நான் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் விடவில்லை. கவரைத் திரும்பப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன், கவர் வீணாகிறதே என்று அதற்கும் கிடைத்தது.

ஆகவே இதை நீங்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பீர்கள். மேலே நான் கேட்டது எதையும் செய்ய வேண்டாம், முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். வந்த வண்டிக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்பாள். குறைத்துச் சொல்லாதீர்கள், கொடுத்ததை அப்படியே சொல்லுங்கள். நானும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.