தப்பே நடக்காத விதை ஆபீஸ்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற ரோட்டில் மானாவாரி விதை வழங்கும் ஆபீஸ் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் பேர் ஏறினால்தான் விதை. பேர் ஏறாதவன் வெள்ளாமை பண்ணுகிற சம்சாரியே இல்லை, அவன் உழுகிற காடு காடே இல்லை. பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி பேர்களைத் தின்றுவிட்டதால், பொதுமக்கள் நலனை முன்னிட்டு மேலிடம் ஒரு லினக்ஸ் சர்வரை அனுப்பி வைத்தது.

மாட்ட வந்தவர் சுடலைராஜ். அவர் வருவதற்குள் ஆபீஸ்காரர்கள் சர்வருக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள். காற்று போகிற ஓட்டையெல்லாம் அடைத்துக் கிடந்தது. தீக்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துவிட்டு, வேலையை முடித்து, அதிகாரி சுந்தரபாண்டியனிடம் விளக்கினார்.

"சார், இசட்.எஃப்.எஸ்.னு புது முறை போட்டிருக்கேன். ரெண்டு டிஸ்க். ஒண்ணுல எழுதுனது மத்ததுலயும் அப்பிடியே விழும். ஒண்ணு செத்தாலும் ஒரு பேரும் போவாது. அதுபோக, அப்பப்ப இருக்குத நிலைமைய போட்டோ பிடிச்ச மாதிரி வச்சிக்கிடும். பெரிய ஆபத்துன்னா அந்த நேரத்துக்கே திரும்பிப் போயிரலாம்."

"போனா, அதுக்குப் பெறகு நடந்தது?"

"அழிஞ்சிரும் சார். அதனால..."

மீதியை அதிகாரி கேட்கவில்லை. சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மாடத்தி வந்தாள். காட்டை உழுது போட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். உளுந்து விதை வேண்டும். கிளார்க் உமாதேவி பேரை ஏற்றிக்கொண்டு, "மத்தியானம் வாங்கக்கா" என்றாள். மத்தியானம் பேரைக் காணோம்.

"நீங்க இன்னும் வரலம்மா" என்றார் அதிகாரி.

"காலைல வந்தேனே! இந்தம்மாதான எழுதுச்சு!"

"அந்தக் காலைய ரத்து பண்ணியாச்சு. ரசீதுல என் இனிஷியல் விட்டுப்போச்சு."

இன்னும் ஊருக்குக் கிளம்பாமல் இருந்த சுடலைராஜ் பதறிவிட்டார். "சார், அந்த ஒரு எழுத்த மட்டும் திருத்திருக்கலாமே?"

"திருத்துனா, தப்பு நடந்துச்சுன்னு பதிவாகும். திரும்புனா தப்பே நடக்கலியே!"

சுடலைராஜ் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அப்புறம் ஆபீஸ் திரும்பிக்கொண்டே இருந்தது. உமாதேவி பிந்தி வந்தால் திரும்பியது. விதை கேட்ட சாமித்துரை பேர் ரெண்டு தடவை ஏறினால் திரும்பியது. யாராவது புகார் எழுதினால், புகாருக்கு முந்தின நாளுக்கே திரும்பியது. நடுவில் மழையும் பெய்தது. மாடத்தி முழங்கால் சகதியோடு ஓடி வந்தாள்.

"ஈரம் காயுததுக்குள்ள விதைக்கணும் சார்!"

"சர்வர்ல இப்ப போன வாரந்தான் நடக்குது. மழை பெய்யல."

"எங்காலு சகதி?"

"அதுக்கு ஆதாரம் இல்லம்மா."

ஒரு தப்பு இல்லை, ஒரு புகார் இல்லை. மேலிடம் வியந்து, 'முன்மாதிரி அலுவலகம்' என்று கேடயம் கொடுத்தது. நாளையே திருப்புகிற ஆபீஸ் என்று பேப்பரிலும் வந்தது. மறுநாள் ஆபீஸ் வாசலில் ஊரே கூடிவிட்டது. எல்லார் கையிலும் மனு. ஈரம் காய்ந்து கரிசல் காடு வெடித்துவிட்ட கோபத்தோடு வந்த மாடத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்காகத்தான் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"அய்யாத்துரை அண்ணாச்சி, விதைக்குத்தான?"

"விதை கெடக்கட்டும் தாயி. சோலார் கம்பெனிக்குக் காட்ட வித்தேன்லா, அதுக்கு முந்தின நாளுக்குப் போவணும்."

அவருக்குப் பின்னால் இசக்கிபாண்டி. மகனை இன்ஜினியரிங் சேர்த்ததுக்கு முந்தின நாள் வேண்டுமாம். அவருக்குப் பின்னால் நின்றவர் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்றார். பக்கத்தில் நின்ற சம்சாரம், "ஒரு வாரம் முந்தியே போவும், பந்தலுக்குச் சொல்லுததுக்கு முன்னால" என்றாள்.

மாடத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடித்துத் தள்ளி ஜன்னலுக்கே போய்விட்டாள்.

"சொல்லுங்கம்மா, எந்த நாளு?"

"இந்தப் பொட்டி இங்கன வாரதுக்கு முந்தின நாளு."

அதிகாரி சர்வரில் பொறுமையாகத் தேடிப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு நாளே கெடையாதும்மா."

"ஏட்டி, கெடையாதுன்னு சொல்லிட்டாவல்லா, வழிய விடு!" என்று வரிசை மொத்தமும் கத்தியது.