டோபி அங்கிளும் ஏழு அரிசி மூட்டைகளும்

பிள்ளைகளே, நிறுத்தியிருக்கும் எந்தக் காரையும் அழுத்திப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் டோபி அங்கிள். என் போட்டோஸ்டாட் கடைக்குப் பக்கத்தில் சலவைக் கடை வைத்திருக்கிறார். போகிற போக்கில் காரின் மூக்கில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். கார் எழும்பும், அலாரம் அலறும், சொந்தக்காரர் ஓடி வருவார். "சாரி பாஸ், உங்க ஸ்பிரிங் நல்லா இருக்கு" என்று பாராட்டிவிட்டு நடப்பார்.

உங்கள் பேனாவுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறதல்லவா? கார் ஸ்பிரிங் அதற்குப் பெரியப்பா. சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று, ரோடு கொடுக்கும் அடியையெல்லாம் நமக்காக வாங்கிக்கொள்ளும். அங்கிளின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மிகப் பழையது. இரண்டே பேர் உட்காரலாம். அதன் ஸ்பிரிங் தளர்ந்துபோய், ஒருநாள் தெருமுனை வேகத்தடையில் வண்டி 'தொம்'மென்று விழுந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி ராணி ஆன்டிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இனிமே இந்த வண்டில ஏறவே மாட்டேன்" என்று ஆன்டி சொல்லிவிட்டார். இருவரும் கிள்ளான் துறைமுகத்துக்கு நண்டு சாப்பிடப் போவது நின்றது. அங்கிள் ஒருமுறை தனியாகப் போனார். சாப்பிடாமலே திரும்பி வந்தார்.

பிறகு புது ஸ்பிரிங் தேட ஆரம்பித்தார். கிள்ளான் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து, இஸ்திரி மேசையில் வரிசையாக நிறுத்தினார். பழைய கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கட்டையான ஒன்றை எடுத்தார்.

"இதப் போடுங்க லா. வண்டி தரையோட ஒட்டிக்கிட்டு ஓடும், ரேஸ் கார் மாதிரி."

"ரேஸுக்கு யாருய்யா பொண்டாட்டிய கூட்டிட்டுப் போறா?"

உட்காருகிறவரின் எடை தெரிந்தால்தான் சரியான ஸ்பிரிங்கைப் பொறுக்க முடியும். அங்கிள் ஆன்டியிடம் கேட்டார். ஆன்டி பார்த்த பார்வையில் இஸ்திரிப் பெட்டியே ஆறிப்போயிருக்கும்.

அதனால் மளிகைக் கடையிலிருந்து பத்து கிலோ அரிசி மூட்டைகள் ஏழு வந்தன. ஆன்டியின் இடத்தில் அவற்றை அடுக்கி சீட் பெல்ட் போட்டார். பாரத்தில் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைச் சட்டை ஹேங்கரால் அளந்து, ஹேங்கரில் சாக்பீஸ் கோடு போட்டார். நண்பர் சொன்ன ஸ்பிரிங்கோடு வேகத்தடை ஏறியதில் ஒரு மூட்டை வெடித்தது. தெருவெல்லாம் அரிசி, தெருவெல்லாம் புறா. "இது ராணியா இருந்தா?" என்று அந்த ஸ்பிரிங்கை அப்போதே கழற்றிப் போட்டார்.

ஸ்பிரிங் மாற்றி, மூட்டை மாற்றி, ஒரு மாதம் சுற்றினார். கடைசியில் மிருதுவான ஒரு ஜோடியைப் போட்டதும் வேகத்தடையில் மூட்டைகள் அசையவில்லை; அந்த ஜோடிக்கு ஹேங்கரில் புதுக் கோடு போட்டார். அதற்குள் யாரோ ஆன்டியிடம், "உங்க வீட்டுக்காரர் யாரையோ பக்கத்துல வச்சு சுத்துறாரே" என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஆன்டி சலவைக் கடை வாசலுக்கு வந்தார். மூட்டைகளை எண்ணினார்.

"ஏழா? நான் ஏழா?"

"ராணி, ஒரு அந்தாசுக்கு..."

"எல்லாத்தையும் எறக்குங்க. நான் உக்காந்து காட்டுறேன். அஞ்சுக்கு மேல இருந்தா என்னன்னு கேளுங்க."

மூட்டைகள் இறங்கின. ஆன்டி ஏறி உட்கார்ந்தார். சத்தம் கேட்டு என் கடையிலிருந்து வந்திருந்த நான் குனிந்து ஹேங்கரை வைத்துப் பார்த்தேன். சாக்பீஸ் கோட்டில் மயிரிழை பிசகவில்லை. ஏழேதான். அங்கிள் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"எத்தனைங்க?" என்றார் ஆன்டி.

"நாலரை, ஆன்டி" என்றேன்.

வண்டி கிளம்பியது. ஆன்டி திட்டிக்கொண்டே போனார். வேகத்தடையில் ஏறி இறங்கியபோதும் அந்தத் திட்டு ஓர் இடத்தில்கூட முறியவில்லை. 

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இருவரும் நண்டு சாப்பிடப் போய்விடுவதால் சலவைக் கடை பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை எங்கள் தெருவில் பாதிப் பேர் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகிறோம். யாரும் குறை சொல்வதில்லை.