மாமனார் ஆகாதவர் தின்ற கிழங்கு

சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் கருணைக் கிழங்குக்கும் வித்தியாசம் தெரியாதவன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். இதை ஒத்துக்கொள்ள இப்போது வெட்கமில்லை. (இருந்த வெட்கத்தையெல்லாம் அந்த ஒரே நாளில் செலவழித்துவிட்டேன்.)

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மில்லுக்கு வந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு லைன் வீட்டில் ஒற்றை அறை, மெஸ்ஸில் சாப்பாடு. வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை. இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன், அவ்வளவு கூச்சம். முப்பத்திரண்டு வயதில் தரகர் ராமசாமி ஒரு ஜாதகத்தோடு வந்து நின்றபோது அவரை உட்காரச் சொல்லவே எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

“பல்லடத்துப் பக்கமுங்க, நல்ல குடும்பம். ஞாயித்துக்கிழமை பொண்ணோட அப்பா ஊடு பார்க்க வாராரு. பிடிச்சுதுன்னா கை நனைப்பாரு. இல்லீன்னா தண்ணியக் குடிச்சுப்போட்டு எந்திரிச்சுருவாரு. தெரியுமில்லீங்க?”

தெரியும். சம்பந்தம் பிடிக்கும்வரை அந்த வீட்டில் வாய் வைக்கமாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

அதற்கு மெஸ் பலகாரத்தை வைக்க மனம் வரவில்லை. சர்க்கரைவள்ளியை வேகவைத்து, வெல்லப்பாகில் புரட்டி, தேங்காய் தூவி அம்மா கொடுப்பாள். அதைச் செய்வதென்று முடிவு செய்தேன். தின்றிருக்கிறேனே தவிர, வாங்கியதும் இல்லை, ஆக்கியதும் இல்லை.

கூட்டத்துக்குப் பயந்து சனிக்கிழமை சந்தை கலைகிற நேரத்தில் போனேன். ஓர் அம்மாள் விற்காத கிழங்கையெல்லாம் மண்ணோடு கூறு கட்டி வைத்திருந்தாள். மேலே சிவப்பாக நாலு சர்க்கரைவள்ளி தெரிந்தது. விரலை நீட்டினேன்.

“கலந்து கெடக்குதுங்க. பார்த்துப் பிரிச்சு ஆக்குங்க” என்றாள்.

தலையை ஆட்டினேன். (எதோடு எது என்று கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.)

காலையில் கழுவிப் பார்த்தேன். சில கிழங்குகள் வழவழவென்று சிவப்பாக இருந்தன. மற்றவை குட்டையாக, பழுப்பாக, வேர் முளைத்துக் கிடந்தன. அவை கிழடு தட்டிய சர்க்கரைவள்ளி என்று நானே தீர்ப்பு எழுதினேன். தோல் சீவும்போது கை அரித்தது. கல்யாண நினைப்பில் உடம்பு இப்படித்தான் பண்ணும் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். பாகில் புரண்டதும் எல்லாத் துண்டும் ஒரே நிறம். ருசி பார்க்க எடுத்த துண்டு தேனாக இனித்தது.

பெண்ணின் அப்பா தோளில் துண்டோடு வந்தார். கூடவே தரகர். பெரியவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“தட்டு ஒண்ணு, தலகாணி ஒண்ணு… எல்லாமே ஒவ்வொண்ணுதானுங்களா?”

“ஆளும் ஒண்ணுதானுங்களே!” என்றார் தரகர்.

பெரியவர் சிரித்தார். “ஊட்டைச் சுத்தமா வெச்சிருக்கீங்க தம்பி. கட்டிக்கப்போற எங்கம்மணிக்கும் சத்தம் போடற மனுசனைக் கண்டா ஆகாதுங்க. கொண்டாங்க, கை நனைக்கலாம்.”

எனக்குக் கால் தரையில் படவில்லை. முதல் துண்டைத் தின்றுவிட்டு, “அட, பொம்பளைக தோத்துப் போவாங்க!” என்றார். இரண்டாவது துண்டில் அவர் தாடை நின்றது. ஒரே வாயில் மூன்று துண்டைப் போட்டிருந்த தரகர் ‘ஆ’ என்று எழுந்து, ‘ஊ’ என்று உட்கார்ந்தார். விக்கல் என்று நினைத்து நான் இரண்டு பேருக்கும் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

பக்கத்து வீட்டு மாராக்கா எட்டிப் பார்த்தாள். “அடக் கடவுளே! கருணையப் போய் வெல்லத்துலயா ஆக்குனீங்க? தொண்டையெல்லாம் அரிச்சு எடுத்துருமே! புளித்தண்ணி குடுங்க!”

என் அறையில் புளி ஏது? அவள் தன் வீட்டுக்கு ஓடினாள்.

பெரியவர் துண்டால் நாக்கைத் துடைத்தார். கண்ணில் தண்ணீர். “தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தெரியாம செஞ்சீங்களா? இல்லை, இந்தச் சம்பந்தம் வேண்டாமுன்னு செஞ்சீங்களா?”

ஒரு சொல் போதும். நாக்கு வீங்கியவர் பேசிவிட்டார். நல்ல நாக்கை வைத்திருந்த எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்காகப் பேசவென்றே வந்த தரகர் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரி, நானும் தின்று துடித்துக் காட்டினால் புரிந்துகொள்வார் என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

சர்க்கரைவள்ளி.

அவசரமாக இன்னொன்று. அதுவும் இனித்தது. மூன்றாவது அதைவிட இனித்தது. நான் சுகமாக மெல்லுவதைப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நல்லாப் பொறுக்கித் தின்னறீங்க” என்றார். கோபம்கூட இல்லை. கும்பிட்டு, “வாரேனுங்க” என்று இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகு எடுத்த நாலாவது துண்டு கருணை. மாராக்கா கொண்டுவந்த புளித்தண்ணீரில் தரகர் குடித்ததுபோக மிச்சத்தை நான் குடித்தேன். ‘தெரியாமல் செய்தேன்’ என்று எழுத மூன்று தபால் கார்டு வாங்கினேன். மூன்றையும் எழுதிக் கிழித்தேன். இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணைச் சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

பல வருஷம் கழித்து, போன மாதம், மில்லில் கூட வேலை பார்ப்பவர் ஒருவரின் மகள் கல்யாணம் பல்லடத்தில். பந்தியில் கருணைக்கிழங்குப் புளிக்குழம்பு வந்தது. ஊற்றியவர், “பயப்படாமத் தின்னுங்க. இது மில்லு மாப்ளே ஆக்குனதில்லை” என்றார். அந்த வரிசையே சிரித்தது. நான் முழிப்பதைப் பார்த்துப் பக்கத்து இலைக்காரர் கதையை முதலிலிருந்து சொன்னார். எனக்குப் பார்த்த அந்தப் பெண்ணின் தம்பியாம். அவர் சொன்ன கதையில் நான் பன்னிரண்டு துண்டு தின்றிருந்தேன்.

“எங்கப்பா போய் மூணு வருசமாச்சுங்க. கடைசிவரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இப்ப எங்க ஊட்டுல குழந்தைக முதக்கொண்டு சொல்லுதுக. கருணை ஆக்குனா மில்லு மாப்ளே பேச்சு இல்லாம இலை எடுக்க மாட்டோம். ஆமா, நீங்க எந்த ஊருங்க?”

“தாராபுரமுங்க. மளிகைக் கடை வெச்சிருக்கறனுங்க” என்றேன், திக்காமல் திணறாமல்.

மாதம் இரண்டு தடவையாவது அந்த வீட்டில் கருணை ஆக்குவார்களாம். அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு வீட்டில், மாதம் இரண்டு தடவை, நான் மாப்பிள்ளை.