பாய் வந்ததா, தம்பி வந்தானா

மதிப்பிற்குரிய கியுரான் அக்காவுக்கு,

உல்சானிலிருந்து தம்பி கியுசிக் வணங்கி எழுதுவது. இங்கே கடற்காற்று ஓயவில்லை. அங்கே தேஜோனில் அம்மாவின் முட்டிவலியும் அத்தானின் ரத்தக்கொதிப்பும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள். சட்டம் படித்த எனக்கு அது ஒத்துவராது.

நானும் நம் தம்பி கியுதேயும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பூங்காவில் சந்தித்துச் சமாதானமாக வேண்டும், இல்லாவிட்டால் எண்பதாவது பிறந்தநாள் விருந்தில் அம்மா உட்காரவே மாட்டார் என்று சொல்லியிருந்தீர்கள். போனேன். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளில் நான் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பியாகப் பிறந்தவன் முந்திக்கொண்டு அம்மாவை விழுந்து வணங்கினான். முதலில் வணங்கவேண்டிய மூத்த மகன் நான் இரண்டாவது ஆள் ஆனேன். அந்தப் புகைப்படம் உங்கள் கூடத்தில் இன்னமும் தொங்குகிறது. அதில் நான் கார் சாவியோடு வாசலில் நிற்கிறேன். பத்து வருடமாக அவனோடு பேசாததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. ஆகவே அவன்தான் நான் விரிக்கும் பாய்க்கு வரவேண்டும் என்பது என் நிபந்தனை. இதை உங்களிடம் முன்கூட்டியே சொல்லியும் இருந்தேன்.

காலையிலேயே போய்ப் பைன் மரத்தடியில் பாயை விரித்தேன். ஆளைத் தள்ளுகிற காற்று. ஒரு மூலையில் இடது ஷூ, ஒரு மூலையில் வலது ஷூ, இன்னொன்றில் ஐஸ்பெட்டி, நான்காவதில் நான். கொஞ்ச நேரத்தில் கியுதே வந்தான், என்னைப் பார்த்தான், நேரே வரப்போகிறான் என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன், அவனோ என்னைத் தாண்டிப் போய் அடுத்த மரத்தடியில் தன் பாயை விரித்து, அதேபோல மூலைக்கு ஒரு ஷூவும் மூன்றாவதில் பையும் வைத்து, நான்காவது மூலையில் தான் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். இனி யாரும் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் பாய் பறக்கும். இதைப் பிடிவாதம் என்று நீங்கள் சொல்வீர்கள். இது எடை சம்பந்தப்பட்ட விஷயம்.

மதியம் பசி தாங்காமல் போனில் பொரித்த கோழிக்குச் சொன்னேன். உள்ளே கொண்டுவர மாட்டார்கள், பூங்கா வாசலில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு நடுவில் கிம்பாப் சோற்றுச் சுருளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், என் பாயைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது உங்க தம்பிதானே? அதே மூஞ்சி, அதே கடுகடுப்பு. அவரைப் பிடிக்கச் சொல்லுங்க."

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

"அவரும் இதையேதான் சொன்னாரு. அவரு கோழியும் வாசல்லதான் ஆறிக்கிட்டு இருக்கு."

வேறு வழியில்லாமல் எழுந்தேன். எழுந்ததும் பாய் ஐஸ்பெட்டியைக் கவிழ்த்து, என் இடது ஷூவைக் கடலுக்குக் கொடுத்து, அந்த அம்மாள் தலைக்கு மேலே பறந்துபோய் கியுதேயை மூஞ்சியோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டது. அவன் அதைப் பிரித்து, தன் பாய்மேலேயே விரித்து, ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணே, வந்து உக்காருங்க. ரெண்டு பேரு உக்காந்தாத்தான் இது நிக்கும்."

"நீ இப்ப உக்காந்திருக்கிறது என் பாயில. அப்ப நீதான் வந்தே."

"நான் எங்க வந்தேன்? அசையவே இல்லையே. உங்க பாய்தான் என்னைத் தேடிக்கிட்டு வந்துச்சு."

"பாய் வந்தா நான் வந்த மாதிரியா?"

"பத்து வருஷத்துல உங்க வீட்டுலேர்ந்து ஏதோ ஒண்ணு வந்திருக்கு. விடுங்களேன்."

"நான் ரெண்டு பாயையும் மிதிச்சுக்கிட்டு நிக்கிறேன்," என்றார் அந்த அம்மாள். "ரெண்டு பேரும் போய் அந்தக் கோழியை வாங்கிட்டு வாங்க, புண்ணியமாப் போகும்."

போனோம். ஒரு ஷூவோடு நொண்டிக்கொண்டு வாசல்வரை போகிற வழியில் அவன் சொன்னது: அன்றைக்குப் போட்டோக்காரன் அவசரப்படுத்தினானாம், அதனால்தான் விழுந்தானாம், ஆனாலும் வலப்பக்கம் எனக்கு இடம் விட்டுத்தான் விழுந்தானாம். இப்படி ஒரு வாதத்தைப் பத்து வருடம் கழித்துச் சொன்னால் எந்தக் கோர்ட்டும் ஏற்காது. இருட்டும்வரை வாதாடினோம்.

ஆகவே அக்கா, இரண்டு விஷயம். என் பாயில் உட்கார்ந்ததால் தம்பிதான் அண்ணனிடம் வந்தான் என்று நீங்கள் எழுத்தில் தரவேண்டும். அந்தப் புகைப்படத்தைக் கழற்றி, அவன் பக்கத்தில் உண்மையிலேயே ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லவேண்டும். அதுவரை அவனோடு ஒரே வரிசையில் நிற்பதாக இல்லை.

அம்மாவுக்கு என் வணக்கம். அத்தானை உப்பைக் குறைக்கச் சொல்லவும்.

தம்பி,
கியுசிக்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கியுதே வந்தான். தன் பழைய ஷூ ஜோடியைக் கொண்டுவந்திருக்கிறான், எனக்குக் கொஞ்சம் பெரிது. கடிதத்தைப் படித்துவிட்டு, காற்று அவ்வளவு பலமில்லை என்கிறான், மற்றதெல்லாம் சரிதானாம். நீங்கள் புகைப்படத்தைப் பார்க்கவேண்டாம். அதில் இடம் இல்லையென்று தெரிந்தால் மறுபடியும் பேசாமல் இருக்கவேண்டி வரும், இந்த வயதில் அது சிரமம். விருந்துக்கு நான் கார் கொண்டுவரவில்லை, அவனோடு பஸ்ஸில் வருகிறேன். அகலமான பாயாக விரித்து வையுங்கள், சேர்ந்தே விழுகிறோம்.