கெஜட் அண்ணனும் காணாமல்போன கல்யாணமும்

கம்ப்யூட்டரில் ஓடும் எந்த சாப்ட்வேரையும் அழவைக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஒரு போட்டோ ஸ்டுடியோவில், பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்திருப்பார். பெயர் கெஜட் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். ஆனால் ரேஷன் கடையில்கூட கெஜட் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அரசாங்கக் கெஜட்டில் பெயரை மாற்ற வேண்டுமானால் நாமாக விண்ணப்பம் போட வேண்டும். அண்ணனிடம் அந்தத் தொல்லையே இல்லை. யாரும் கேட்காமலே மாற்றுவார். மனிதர்களின் பெயரை அல்ல, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அவர்களுடைய படங்கள் இருக்கும் ஃபோல்டர்களின் பெயரை.

நான் அங்கே ஆல்பம் டிசைனராக இருந்தேன். அண்ணன் மூத்த கேமராமேன். முதலாளி ஒரு நல்ல நாள் பார்த்து, படங்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் சாப்ட்வேர் ஒன்றை வாங்கிப் போட்டு, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அந்த சாப்ட்வேர் படங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. எந்தப் படம் எந்தப் பெயருள்ள ஃபோல்டரில் இருக்கிறது என்று மனப்பாடம் மட்டும் செய்துகொள்ளும். அதற்குத் தெரியாமல் ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். பிறகு நாம்தான் அதன் கையைப் பிடித்து, ‘இதோ இருக்கிறது பார்’ என்று புது இடத்தைக் காட்ட வேண்டும். சமத்துப் பிள்ளைதான், ஆனால் சொல்லிக்கொடுத்ததைத் தாண்டி எதுவும் தெரியாது.

அண்ணனின் கொள்கை வேறு. எங்கள் பக்கம் பத்திரிகையில் ஒரு பட்டம் விட்டுப்போனால் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிடுவார்கள். அண்ணனுக்கு ஃபோல்டரும் பத்திரிகையும் ஒன்றுதான். கல்யாணம் முடிந்த மறுநாளே ‘செல்வி’யைத் ‘திருமதி’ ஆக்கிவிடுவார். குழந்தை பிறந்தால் ‘புதுமணத் தம்பதி’ என்பதைத் தூக்கிவிடுவார். உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்த அன்று வேறு வேலையே பார்க்கவில்லை, தோற்றவர்களின் ஃபோல்டருக்கெல்லாம் ‘முன்னாள்’ போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தன் மகள் ஆல்பத்தை வாங்க வந்த ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, வரவழைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

காலையில் நான் வந்து சாப்ட்வேரைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை கேள்விக்குறியாக இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணே, பேரு மாத்தணும்னா இந்த சாப்ட்வேருக்குள்ள வந்து மாத்துங்க. வெளிய மாத்துனா அது தேடிக்கிட்டே கெடக்குதுண்ணே.”

“அதுகிட்ட நான் எதுக்குத் தம்பி சொல்லணும்? ஊருல ஒரு புள்ளைக்குக் கல்யாணமானா தானாத் தெரிய வேணாமா? நாள் முச்சூடும் இங்கனயே ஒக்காந்திருக்குல்ல?”

முதலாளியிடம் முறையிட்டேன். அவர் தன் பெயரிலிருந்த ஃபோல்டரை எட்டிப் பார்த்தார். அது ‘வள்ளல்’ என்று தொடங்கியது. கெஜட் பெரிய மனுஷன், பார்த்து அனுசரித்துப் போ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இப்படி அனுசரித்துக்கொண்டிருந்தபோதுதான் ராதிகா வந்தாள். கையில் பிள்ளை. மூச்சிரைக்க வந்தவள் உட்காரக்கூட இல்லை. கணவன் முத்துக்குமார் குவைத்தில் வேலை பார்க்கிறான். அவளையும் பிள்ளையையும் அங்கே அழைத்துக்கொள்ள எல்லாம் கூடிவந்துவிட்டது. விசாவுக்குத் தாலி கட்டும் படம் ஒன்று சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டார். தவறினால் மறுபடி எப்போது வாய்க்குமோ தெரியாது. வீட்டு ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. முத்துக்குமாரின் வேட்டிக் கரை மட்டும் ஒரு பக்கத்தில் மிச்சம் இருந்ததாம்.

“புள்ள அவுக அப்பாவ போன்லதான்ணே பாக்குது. போனத் தூக்கிக் காட்டுனா அப்பாங்குது” என்றாள்.

சாப்ட்வேரைத் திறந்தேன். அதில் ‘செல்வன் முத்துக்குமார் – செல்வி ராதிகா’ இருந்தது. பக்கத்தில் கேள்விக்குறியும் இருந்தது. காணாமல்போன ஃபோல்டரைத் தேடு என்று சொன்னேன். நீயே காட்டு என்றது. பெயரைப் போட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை. படத்துக்குக் கேமரா கொடுத்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஒரே எண்ணில் மூன்று மணப்பெண்கள், காது குத்தும்போது அழுகிற ஒரு குழந்தை, வாடிவாசலில் இருந்து பாயும் ஒரு காளை எல்லாம் வந்து நின்றன. வரிசை நீண்டுகொண்டே போனது, ராதிகா மட்டும் கண்ணில் படவில்லை.

அண்ணன் அன்றைக்கு சித்தன்னவாசல் பாறைப் பக்கம் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். போன் போட்டேன். எந்த ஃபோல்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

“நம்ம ராதிகாவா? ஸ்பீக்கர்ல போடு. ஏ ஆத்தா, நல்லாருக்கியா? பய நடக்குறானா?”

“ஓடுறான் சித்தப்பா.”

“அப்ப கைக்குழந்தைங்கற பேருல இருக்காது. வீட்டுக்கு மாடி எடுத்தாச்சா?”

“ஷீட்டுதான் போட்டிருக்கோம்.”

“அப்ப மாடி வீடுன்னும் இருக்காது.”

இப்படியே அந்த வீட்டின் மாடு, மோட்டார், கொழுந்தன் படிப்பு எல்லாம் விசாரித்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஜோடி பாறை மேல் வெயிலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவர்கள் மீது எனக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. கடைசியில் அண்ணனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. குரல் இறங்கியது.

ராதிகாவுடைய பிள்ளையின் காதுகுத்துக்கு அவள் உடன்பிறந்த அண்ணன் தாய்மாமன் சீர் கொண்டுவந்தபோது, மேளத்துக்குப் பதில் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டு வந்திருக்கிறான். மேளம் இல்லாமல் வருவது சீரா, சோப்பு விளம்பரமா என்று அவள் மாமனார் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவரும் ராதிகாவின் அப்பாவும் பேச்சில்லை. படமெடுக்கப் போன கெஜட் அண்ணன் இதையெல்லாம் கிட்டே நின்று பார்த்திருக்கிறார்.

“பேசாத ரெண்டு வீட்ட எப்புடித் தம்பி ஒரே ஃபோல்டர்ல போட்டு வைக்கிறது? மரியாதையா இருக்குமா? பிரிச்சுட்டேன்.”

பெண் வீட்டார் படங்கள் ஒரு ஃபோல்டரில், மாப்பிள்ளை வீட்டார் படங்கள் இன்னொன்றில். இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் படங்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

“‘பேச்சுவார்த்தை’ன்னு ஒண்ணு இருக்கும் பாரு. தாலி கட்டுறது அதுக்குள்ளதான் கெடக்கும்.”

திறந்தேன். பொன்னமராவதியிலிருந்து மணமேல்குடி வரைக்கும் எங்கெங்கே சம்பந்திகள் முறைத்துக்கொண்டிருக்கிறார்களோ அத்தனை வீட்டுத் தாலி கட்டும் படமும் அதற்குள் வரிசையாக இருந்தது. ராதிகா வந்த அவசரத்தை மறந்துவிட்டாள்.

“அட, இவுகளுமா பேசிக்கிறதில்ல? முந்தாநாளு ஒண்ணா கோயிலுக்கு வந்தாகளே” என்று திரைக்குள்ளேயே வந்துவிட்டாள். நான் வேகவேகமாக நகர்த்தினேன்.

கடைசியில் அவள் படம் வந்தது. முத்துக்குமார் நாக்கைத் துருத்திக்கொண்டு மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் இரண்டு அப்பாக்களும் ஒரே தட்டில் கைவிட்டு அட்சதை எடுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராதிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“இவுக ரெண்டு பேரும் போன மாசமே பேசிட்டாக சித்தப்பா. மழைக்கு ஒரே டீக்கடையில ஒதுங்கி, வேற வழியில்லாமப் பேசிட்டாக.”

அண்ணன் அந்த ஜோடியைப் போய் நிழலில் உட்காரச் சொல்வது போனில் கேட்டது.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா ஆத்தா?” என்றார் அண்ணன். “தம்பி, மொதல்ல எல்லாத்தையும் ஒண்ணாச் சேரு. அப்பறமா அனுப்பு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாயங்காலம் ஆகிக்கொண்டிருக்கிறது, ஒரு படத்தை அனுப்பினால் போதும், சேர்ப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கத்தினேன். ராதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“சேத்துட்டே அனுப்புங்கண்ணே.”

சேர்த்தேன். மூன்று ஃபோல்டரிலும் இருந்த அவர்கள் படங்கள் ஒன்றாகின. சாப்ட்வேருக்குப் புது இடத்தைக் காட்டியதும் கேள்விக்குறி மறைந்தது. ஏஜென்ட் கடையைச் சாத்தப் போகிற நேரத்தில் படம் போய்ச் சேர்ந்தது. அடுத்த சில வாரங்களில் ராதிகா விமானம் ஏறினாள். பையன் விமான நிலையத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டு, அம்மா கையிலிருந்த போனையும் ஒருமுறை பார்த்தானாம். பிறகுதான் அவரிடம் போனானாம்.

அதற்குப் பிறகு நான் அண்ணனைத் திருத்தப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கேள்விக்குறி வந்தால் அந்த வீட்டு நலனை விசாரிப்பேன், ஃபோல்டர் தன்னால் கிடைத்துவிடும். சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் உதவிப் பக்கத்தில் இந்த வழியை ஏன் எழுதவில்லையோ தெரியவில்லை.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது ஸ்டுடியோவுக்குப் போனேன். அண்ணன் வெளியே படமெடுக்கப் போயிருந்தார், தலையணை மட்டும் இருந்தது. என் கல்யாணப் படமும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. திறந்தால், எதிர்பார்த்தபடியே கேள்விக்குறி. ஃபோல்டர்களை அகர வரிசையில் பார்த்துக்கொண்டு வந்தேன். ‘குவைத்து ராதிகா, குடும்பத்தோட சொகம்’ என்று ஒன்று இருந்தது. அதற்குக் கீழேயே என்னுடையது.

‘கோயம்புத்தூர் தம்பி, வந்துருவான்’ என்று இருந்தது.

கண் கலங்கிவிட்டது. வந்ததே வந்தாய், அந்தக் கேள்விக்குறிகளைச் சரிசெய்துவிட்டுப் போ என்றார் முதலாளி. மற்ற எல்லாவற்றையும் சரிசெய்தேன். என்னுடையதை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.